கட்டாமல் விட்டதால் மிஞ்சியவை

(ரொறன்ரோவின் கிழக்குக் கோடியிலுள்ள ரூஜில், உள்ளூர்த் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை தொடங்கினால் இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். லண்டனிலிருந்து சித்தி குடும்பம், பாரிசிலிருந்து மச்சான், ஊரிலிருந்து பெற்றோர். அவர்களை நாம் கூட்டிப்போகும் இடங்களின் வரிசை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நயாகரா, சி.என். கோபுரம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில், ஒரு பெரிய கடைத்தொகுதி. "நீங்கள் இருக்கிற இடத்தில பார்க்க ஒன்றும் இல்லையோ?" என்று யாராவது கேட்டுவிட்டால், "மிருகக்காட்சிசாலை இருக்கு" என்கிறோம். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதிலொன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரூஜில் பார்க்கத் தகுந்த பழமை இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி யாரோ கட்டியதால் வந்ததல்ல. யாரோ கட்ட நினைத்ததை வேறு யாரோ கட்டவிடாமல் மறித்ததால் மிஞ்சியது. அல்லது கட்ட முடியாமல் போனதால் மிஞ்சியது. கோட்டையையும் கோபுரத்தையும் தேடி வருகிறவர் கண்ணில் அது படாது.

1793இல், மேல் கனடாவின் முதல் துணை ஆளுநர் ஜோன் சிம்கோவின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஏரியில் தோணியில் வரும்போது நம்முடைய செங்குத்து மண்மேடுகளைப் பார்த்தார். யோர்க்ஷயர் கடற்கரையிலுள்ள ஸ்கார்பரோ அவருக்கு நினைவு வந்தது. அங்கே ஒரு கோடைகால வீடு கட்டி ஸ்கார்பரோ என்று பெயர் வைக்கலாமே என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பெயர் நிலைத்துவிட்டது. வீட்டைக் கட்டவேயில்லை, பின்னர் டொன் ஆற்றங்கரையில் வேறொன்றைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்கார்பரோவில் கட்டாமல் விட்ட கட்டடங்களின் பட்டியலை அந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

அசல் ஸ்கார்பரோவுக்குப் போகிற பயணிக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஊரின் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமுனை, அதன்மேல் கோட்டை. அதன் பெரிய கல் கோபுரம் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் எழுப்பியது. கோட்டை வளவுக்குள்ளேயே ரோமர் காலத்துச் சமிக்ஞை நிலையத்தின் அத்திவாரம். 1914 டிசம்பர் 16ஆம் தேதி ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்ட குண்டுகளின் வடுவும் அங்கே உண்டு. கோட்டைக்குக் கீழே புனித மரியாள் தேவாலயத்தில் எழுத்தாளர் ஆன் பிரான்ரேயின் கல்லறை. 1829இல் கட்டிய வட்டவடிவ அருங்காட்சியகம், 1867இல் திறந்த மாபெரும் கிராண்ட் ஹோட்டல். நுழைவுச்சீட்டு, வழிகாட்டிப் பலகை, தேநீர்க்கடை எல்லாம் ஒழுங்காக இருக்கும். பழமையைக் காட்டுவதில் ஆங்கிலேயர் கைதேர்ந்தவர்கள்.

அந்தக் கண்ணோடு ரூஜுக்கு வந்தால் காடும் புதுவீடுகளும்தான் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் நமக்கு இன்னொரு பார்வையும் உண்டல்லவா? பருத்தித்துறையில் தெருவையே உள்ளே விட்டுக் கூரைபோட்டு நிற்கும் தெருமூடிமடம். தலைச்சுமையை இறக்கிவைக்க வழியோரம் நட்ட சுமைதாங்கி. கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தவை அவற்றில் எத்தனை! கேணிக்குப் பக்கத்தில் மாடு முதுகு உரசிக்கொள்ள ஓர் ஆவுரஞ்சிக்கல். இவற்றில் எதற்கும் நுழைவுச்சீட்டு இல்லை. ரூஜின் பழமை இந்தச் சாதியைச் சேர்ந்தது. வழிப்போக்கரும் ஆறும் பாலமும் சேர்ந்து விட்டுப்போனது.

முதலில், உங்களால் பார்க்கவே முடியாத இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ரூஜ் பூங்காவுக்குள் பீட் ஹில் என்றொரு தேசிய வரலாற்றுத் தலம் இருக்கிறது. 1991இல் கனடா அரசு அப்படி அறிவித்தது. அங்கே இருப்பது 17ஆம் நூற்றாண்டின் செனகா ஊர் ஒன்றின் எச்சம். செனகாக்கள் ஹோடனோசௌனி கூட்டமைப்பின் அப்போதைய ஐந்து இனங்களில் ஒன்று. அவர்களுடைய தாயகம் ஒன்ராறியோ ஏரியின் தென்கரை. 1649, 1650ஆம் ஆண்டுகளில் வடக்கே வெண்டாட் மக்களின் நாடு போரில் அழிந்தபிறகு, 1660களில் ஹோடனோசௌனிகள் ஏரியைக் கடந்து வந்து வடகரை நெடுகச் சில ஊர்களை அமைத்தார்கள். அவற்றில் ரூஜ் ஆற்று முகத்துக்கு அருகிலிருந்த ஊரின் பெயர் கனாட்செக்வயாகொன். மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் தெயாயகொன் என்று இன்னோர் ஊர்.

ஏன் இந்த இரண்டு ஆறுகள்? இவற்றிலிருந்துதான் வடக்கே நடைபாதை தொடங்கியது. தோணியையும் பொருளையும் தோளில் சுமந்துகொண்டு மேட்டு நிலத்தைக் கடந்து, ஹாலண்ட் ஆற்றில் இறங்கி, சிம்கோ ஏரி வழியாக ஜோர்ஜியன் விரிகுடாவுக்குப் போகலாம். பெரிய ஏரிகளைச் சுற்றிக்கொண்டு போவதைவிட எவ்வளவோ குறுக்கு. 'ரொறன்ரோ சுமைவழி' என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். வடக்கிலிருந்து பீவர் தோல் வந்தது, தெற்கிலிருந்து துப்பாக்கியும் கண்ணாடி மணியும் போயின. சுங்கச்சாவடி இருக்கவேண்டிய இடத்தில் ஊர் இருந்தது.

1669இன் குளிர்காலத்தை இந்த ஊரில் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் கழித்தார்கள். சல்பீசியன் சபையைச் சேர்ந்த ஃபெனலோனும் துர்ஃபேயும். இந்த ஃபெனலோன், பின்னாளில் பிரெஞ்சு இலக்கியத்தில் பெயர்பெற்ற கம்ப்ரே பேராயர் ஃபெனலோனின் தாய் வேறான அண்ணன். பிக்கறிங்கில் நீங்கள் மாலையில் நடக்கப் போகும் 'ஃபிரெஞ்ச்மன்ஸ் பே'க்கு அந்தப் பெயர் இவர்களால் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1687இல் புதிய பிரான்சின் ஆளுநர் டெனொன்வில் படையோடு போய்த் தென்கரையின் செனகா ஊர்களை எரித்தார். அதையொட்டி இந்த வடகரை ஊரும் வெறிச்சோடிப் போனது. அதன்பிறகு மிசிசாகா மக்கள் இங்கே வந்தார்கள்.

கனடாவில் பெரும்பாலும் குலையாமல் மிஞ்சியிருக்கும் 17ஆம் நூற்றாண்டுச் செனகா ஊர் இது ஒன்றுதான் என்று கனடாப் பூங்காத் துறை சொல்கிறது. வேறு நாடாயிருந்தால் இதன்மேல் ஒரு கண்ணாடி மண்டபம் எழும்பியிருக்கும். இங்கே வழிகாட்டிப் பலகைகூடக் கிடையாது. இடம் எது என்று பொதுமக்களுக்குச் சொல்வதுமில்லை. சிலருக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மணி பொறுக்கவும் மண்வெட்டியோடு வரவும் ஆட்கள் எங்கேயும் உண்டு. தோண்டி எடுத்த பானையோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் அது எந்த அடுப்புக்குப் பக்கத்தில், எந்தச் சாம்பலுக்குமேல் கிடந்தது என்பது ஒருமுறை கலைந்தால் போனதுதான். கீழடியில் ஒவ்வொரு குழியையும் அளந்து அளந்து இறங்குவதை ஒளிப்படங்களில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆகவே விருந்தாளியை ரூஜ் கடற்கரையில் நிறுத்தி, இந்த ஆற்றின்மேல் எங்கேயோ ஓர் ஊர் தூங்குகிறது என்று சொல்லுங்கள். அதற்குமேல் தேடவேண்டாம்.

பார்க்கக்கூடிய இடமும் ஒன்று இருக்கிறது. ரூஜுக்குள் அல்ல, காரில் கொஞ்சத் தூரம், லோரன்ஸ் வீதியும் பெல்லமி வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே. டாபர் ஹில். 1956 ஆகஸ்டில் புதுக் குடியிருப்புக்காக அந்த மேட்டை இயந்திரத்தால் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. சுமார் 523 பேரின் எலும்புகள். ஐரோப்பியர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன் இங்கே வாழ்ந்த மக்கள், தனித்தனியாகப் புதைத்த தங்கள் முன்னோரின் எலும்புகளை எடுத்துத் துப்புரவாக்கி, ஒரே குழியில் சேர்த்து அடக்கம் செய்யும் வழக்கம் உள்ளவர்கள். ஊர் புதிய இடத்துக்குப் பெயரும்போது செய்யும் பெருஞ்சடங்கு அது. எலும்புகளை அங்கேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். மேடு தப்பியது. இன்று அது வரிசைவீடுகளுக்கு நடுவே புல்மூடிய ஒரு குன்று. உச்சியில் ஒரு கல், அதில் ஒரு பட்டயம், அவ்வளவுதான். 2009க்குப் பிறகு வன்னியில் துயிலுமில்லங்களை உழுது மட்டமாக்கியதை அறிந்த இந்த அவைக்கு, ஒரு கல்லறை மேட்டைச் சுற்றி வீடுகள் விலகி நிற்பதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

முதற்குடி மக்களைப் பற்றிப் பேசும்போது 'முன்பு வாழ்ந்தவர்கள்' என்று முடித்துவிடுகிற பழக்கம் நம் மேடைகளிலும் வந்துவிட்டது. அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், இந்த மண்ணைப் பற்றி வழக்காடியும் இருக்கிறார்கள். 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் அநீதிக்காக ஏழு முதற்குடிச் சமூகங்கள் தொடுத்த வழக்கு 2018இல்தான் தீர்வுக்கு வந்தது. மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து 111 கோடி டொலர் கொடுக்க இணங்கின. நம்மில் பலர் வந்து வீடு வாங்கிக் கடனும் கட்டி முடித்தபிறகு வந்த தீர்வு அது.

அடுத்து வந்த குடியேறிகளின் கட்டடங்களை விரைவாகத் தாண்டிப்போகிறேன். அவை தாமாகவே கண்ணில் படும். பழைய ஃபிஞ்ச் வீதியில் 1877இல் கட்டிய ஹில்சைட் தேவாலயம், மெதடிஸ்ட் சபையாருடையது. ஹில்சைட் என்று அங்கே ஒரு சிற்றூரே இருந்தது. அதன் நினைவாக மிஞ்சியவற்றுள் முக்கியமானது இந்தச் சிறு கோயில். மெடோவேல் வீதியில், மிருகக்காட்சிசாலைக்கு எதிரே, 1893இன் பியர்ஸ் வீடு. இடிபட இருந்ததைத் தொண்டர்கள் மீட்டுச் செப்பனிட்டு, பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நிலையமாக்கினார்கள். காட்டுநடைக்குப் போகிறவர்கள் அதன் முன்றிலில்தான் கூடுவார்கள். மிருகக்காட்சிசாலை வளவிலேயே வேலி ஹாலா என்றொரு மாளிகை இருக்கிறது. 1930களில் அதைக் கட்டியவர் ரோமன் மீல் என்ற தானிய உணவைக் கண்டுபிடித்து விற்ற மருத்துவர் ரொபர்ட் ஜாக்சன். ரோமானியப் படைவீரரின் உணவு என்று சொல்லி மாவு விற்றவர், வீட்டுக்கு வட ஐரோப்பியத் தெய்வங்களின் மண்டபத்தை நினைவூட்டும் பெயரை வைத்தார்! பணம் வந்தால் மனிதருக்கு வரலாற்று ஆசையும் வந்துவிடுகிறது. நம் ஊர் மண்டபங்களுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தாலும் தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். பழைய ஃபிஞ்ச் வீதியில் ரூஜ் ஆற்றுக்கு மேலே ஓர் இரும்புப் பாலம். ஒற்றை வழி, எதிரே கார் வந்தால் நீங்கள் நிற்கவேண்டும். பெயின்ட் உரிந்த இரும்புச் சட்டங்கள், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. இளைஞர்கள் இரவில் பேய் பார்க்க அங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியும். இணையத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரு கொலைக்கதையே கட்டிவிட்டிருக்கிறார்கள். உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

1954 ஒக்டோபர் 15ஆம் தேதி இரவு ஹேசல் புயல் ரொறன்ரோவுக்கு வந்தது. ஏற்கெனவே மழையில் ஊறிப்போன மண்; விழுந்த நீர் முழுவதும் ஆறுகளில் இறங்கியது. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். நித்திரையில் இருந்த குடும்பங்கள் வீட்டோடு போயின. பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இங்கே ஃபிஞ்ச் வீதிப் பாலமும் போனது. கனடா இராணுவத்தின் 2ஆவது களப் பொறியியல் ரெஜிமென்ட் வந்து அந்த இடத்தில் ஒரு பெய்லி பாலத்தைப் பொருத்திவிட்டுப் போனது.

பெய்லி பாலம் என்பது இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் வகுத்த ஏற்பாடு. 10 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள இரும்புச் சட்டங்கள்; ஒன்றின் எடை சுமார் 570 றாத்தல். ஆறு பேர் தூக்கலாம். பாரந்தூக்கி தேவையில்லை. ஊசி கோத்ததுபோல் ஒன்றோடொன்று இணைத்து, ஒரு கரையிலிருந்து உருளைகளின் மேல் தள்ளி மறுகரைக்குக் கொண்டுபோய்விடலாம். இத்தாலியிலும் பிரான்சிலும் படைகள் ஆறுகளைக் கடந்தது இதன்மேல்தான். போர் முடிந்தும் இதன் வேலை முடியவில்லை. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் மலை சரிந்து சூரல்மலைப் பாலம் போனபோது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் அறிந்த இந்தியப் படைப்பொறியியலாளர்கள் இரவுபகலாக நின்று 190 அடி நீளத்தில் பொருத்தியதும் பெய்லி பாலந்தான். அந்தக் காணொளியை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே சட்டம், அதே ஆணி. நம் வீட்டிலிருந்து சில நிமிடத் தூரத்தில், தற்காலிகம் என்று வைத்துவிட்டுப்போய் 70 ஆண்டைத் தாண்டி நிற்கிறது.

ஆனால் ஹேசல் புயல் இங்கே விட்டுப்போன பெரிய நினைவுச்சின்னம் அந்தப் பாலமல்ல. பாலத்தின்மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஆற்றங்கரையில் வீடே இல்லை. புயலுக்குப் பிறகு, 1957இல், ரொறன்ரோ வட்டாரத்தின் ஆறுகளுக்கெல்லாம் ஒரே பாதுகாப்பு அதிகாரசபை அமைந்தது. வெள்ளம் பாயும் தாழ்நிலத்தை அது வாங்கத் தொடங்கியது. அங்கே வீடு கட்டுவது நின்றது. டொன், ஹம்பர், ஹைலண்ட் கிரீக் எங்கும் நீங்கள் நடக்கும் பள்ளத்தாக்குப் பூங்காக்கள் அந்த முடிவின் பிள்ளைகள். 81 உயிருக்குப் பிறகு வந்த புத்தி.

வெள்ளம் மட்டுமல்ல. 1972 மார்ச்சில் மத்திய அரசு பிக்கறிங்கில் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்து 18,600 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. தலைமுறைகளாகப் பயிர்செய்த குடும்பங்களுக்குக் கடிதம் வந்தது. 'மக்களா, விமானங்களா' என்ற பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. 1975 செப்டம்பரில் மாகாண அரசு வீதியும் நீர்வசதியும் செய்துதர மறுத்துவிட, திட்டம் நின்றது. அதே 1975இல்தான் 'ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்ற அமைப்பும் தொடங்கியது. அதன் முன்னோடியான லோயிஸ் ஜேம்ஸ் என்ற அம்மையார் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியும் அரசியல்வாதிகளைப் பள்ளத்தாக்குக்குள் நடக்கக் கூட்டிப்போயும் காலத்தைக் கழித்தவர். பள்ளத்தாக்குக்குள் நெடுஞ்சாலை போடும் யோசனையும் வந்தது; அதுவும் நிற்கவேண்டியதாயிற்று. 1995இல் மாகாண அரசு ரூஜ் பூங்காவை நிறுவியது. 2015இல் நாடாளுமன்றச் சட்டத்தின்மூலம் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. கனடாவில் இந்த வகையில் இதுதான் முதலாவது. இன்று அதன் பரப்பு சுமார் 79 சதுர கிலோமீட்டர். ஒரு பகுதியில் சோளமும் சோயாவும் இன்னும் விளைகின்றன. தேசியப் பூங்காவுக்குள் உழவு நடப்பதைப் பார்த்து விருந்தாளிகள் வியப்பார்கள்.

இந்த மறியல் இன்றும் நடக்கிறது. 2022 இறுதியில் மாகாண அரசு, பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்புநிலத்தைப் பசுமை வளையத்திலிருந்து எடுத்து வீடு கட்டத் திறந்துவிட்டது. எதிர்ப்பு பெரிதாகி, 2023இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. 2025 ஜனவரியில், அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த அனிதா ஆனந்த், பிக்கறிங் விமான நிலையம் இனி இல்லை என்றும், அந்த நிலத்தின் பெரும்பகுதி ரூஜ் பூங்காவை விரிவாக்கப் போகும் என்றும் அறிவித்தார். 1972இல் தொடங்கிய கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் தமிழ்நாட்டு வேர் உள்ள ஒருவர் என்பதில் நமக்குச் சின்னச் சந்தோஷம் வரத்தான் செய்யும். வரட்டும்.

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறைத்துப் பேசக்கூடாது. கட்டாமல் விட்டது மண்ணைக் காத்தது, வீடுகளைக் காக்கவில்லை. சுவீகரித்த பண்ணைவீடுகளை அரசு வாடகைக்கு விட்டது. என்றைக்கு எழுப்புவார்களோ என்ற வீட்டில் யார் கூரை மாற்றுவார்? ஒவ்வொன்றாகக் காலியாகின, சன்னலுக்குப் பலகை அடித்தார்கள், பிறகு இடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கல்வீடுகளும் செங்கல்வீடுகளும் அப்படிப் போயின. விமான நிலையம் வராமலேயே அந்த ஊர்களை அழித்தது. பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கில் 1990 தொடக்கம் ஆளில்லாமல் கிடந்த வீடுகளை, பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஓடும் இல்லை, நிலையும் இல்லை, ஆலமரம் சுவரைப் பிளந்திருக்கும். அங்கே போரால் துரத்தினார்கள், இங்கே சட்டத்தாலும் நட்டஈட்டாலும் எழுப்பினார்கள். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு நேர்வது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பூங்காத் துறை அந்த நிலத்தை ஏற்கும்போது மிஞ்சிய வீடுகளில் குடும்பங்களை இருத்துமா, அல்லது துப்புரவாக வயலாக்கிவிடுமா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்கவேண்டியது நம் வேலை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975இல் வந்தது. நகரசபை ஒரு கட்டடத்தைப் பதிவேட்டில் குறித்துவைக்கலாம். அது மென்மையான காப்பு. அல்லது முறைப்படி மரபுரிமையாக அறிவிக்கலாம். பிறகு இடிக்க அனுமதி வேண்டும். 2022இல் கொண்டுவந்த திருத்தம், குறித்துவைத்தவற்றை இரண்டு ஆண்டுக்குள் அறிவிக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டும் என்றது. பிறகு அந்தக் கெடு 2027 தொடக்கம்வரை நீண்டது. அறிவிப்பதற்கு ஒன்பது அளவுகோல் உண்டு. குறைந்தது இரண்டு பொருந்தவேண்டும். அழகும் கட்டடக்கலையும் அவற்றில் சில மட்டுமே. ஒரு சமூகத்தின் வரலாற்றோடு உள்ள தொடர்பும் அளவுகோல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாமும் இங்கே வந்து 40 ஆண்டு தாண்டிவிட்டோம். 1983க்குப் பிறகு வந்தவர்கள் முதலில் ஒதுங்கிய அடுக்குமாடிகள், முதல் மளிகைக்கடை இருந்த ஒரு வரிசைக் கடைத்தொகுதி, தொழிற்சாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கிய கோயில்கள். கண்ணுக்கு அழகில்லாத கட்டடங்கள். பெய்லி பாலத்தைப்போலவே தற்காலிகம் என்று தொடங்கியவை. அவற்றில் பல இருந்த இடங்களில் இப்போது உயர்மாடிகளுக்கு அறிவித்தல் பலகை நட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் ஒன்று எழுப்பத் திட்டமிடும் சமூகம், பழைய கடைத்தொகுதிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காது. ஆனால் இடிக்குமுன் ஒரு படமாவது எடுத்துவையுங்கள். கடையின் பெயர்ப்பலகை, திறப்புவிழா அழைப்பிதழ், முதல் ஆண்டுக் கணக்குப்புத்தகம். நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் ஈழத்துப் பழந்தாள்களை எண்ணிமப்படுத்தி வருகிறது; இங்கே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கிறது. 1981இல் ஒரே இரவில் யாழ்ப்பாண நூலகத்தை இழந்தவர்கள் நாம். தாளைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை அவர்களைக் கேட்கலாம்.

சரி, விருந்தாளி வாசலில் நிற்கிறார். ஒரு நாளில் என்ன காட்டுவது?

காலையில் லோரன்ஸ் வீதியின் கிழக்கு முடிவுக்கு, ரூஜ் கடற்கரைக்குப் போங்கள். ஆறு ஏரியில் விழும் இடம். அந்த ஆறே ரொறன்ரோவுக்கும் பிக்கறிங்குக்கும் எல்லை. கனாட்செக்வயாகொன் கதையை அங்கே சொல்லுங்கள். தலைக்குமேல் போகும் ரயில் பாதை 1856இல் ரொறன்ரோவையும் மொன்றியலையும் இணைத்தது. கோ ரயில் 1967இல் தொடங்கிய நாள்முதல் ரூஜ் ஹில் நிலையம் இருக்கிறது. பிறகு ருவின் ரிவர்ஸ் வீதி வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஏறுங்கள். ஆலைகளின் நீர்ச்சக்கரம் சுற்றிய தாழ்நிலம் அது. வயதானவர்கள் காரிலிருந்தே பார்க்கலாம். மெடோவேல் வீதியில் பியர்ஸ் வீடு. அங்கிருந்து பழைய ஃபிஞ்ச் வீதிக்குத் திரும்பி ஹில்சைட் தேவாலயம், பெய்லி பாலம். பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள். முன்னாலோ பின்னாலோ விட்டுவிட்டு நடந்து வாருங்கள். மே மாத இறுதியில் விருந்தாளி வந்தால், 2000 தொடக்கம் நடக்கும் 'டோர்ஸ் ஓபன்' வாரஇறுதியில் நகரெங்கும் பழைய கட்டடங்கள் இலவசமாகத் திறந்திருக்கும். பட்டியலை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் கில்ட் பூங்கா. 1932 தொடக்கம் ரோசாவும் ஸ்பென்சர் கிளார்க்கும் நடத்திய கலைஞர் குடியிருப்பு. நகரின் நடுவே இடித்துத் தள்ளிய கட்டடங்களின் தூண்களையும் முகப்புகளையும் அந்தத் தம்பதி வண்டிவண்டியாக வாங்கிக் கொண்டுவந்து புல்வெளியில் நட்டுவைத்தார்கள். 1966இல் இடித்த பாங்க் ஒஃப் ரொறன்ரோவின் சலவைக்கல் தூண்கள் இன்று ஒரு திறந்தவெளி அரங்கமாக நிற்கின்றன. கல்யாண அல்பத்துக்காக நம்மவர்கள் அங்கே எடுக்கும் படங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு வங்கி என்று மணமக்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

கடைசியாக டாபர் ஹில். அங்கே தரிப்பிடம் கிடையாது, தெருவோரம்தான் விடவேண்டும். அது குடியிருப்புத் தெரு. சாப்பாட்டுக் கூடையை அந்த மேட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்; பிள்ளைகளைக் கல்லின்மேல் ஏறவிடாதீர்கள். அயல்வீட்டுக்காரரின் கார் வெளியே வர வழிவிட்டு நிறுத்துங்கள்.